வெங்கிட்டு மாமா வைத்த சாம்பார்

உலகத்தில் நடக்கவிருந்த பெரிய தவறுகளையெல்லாம் தடுத்தவர்கள், முதல் ஆளாக எழுந்து 'வேண்டாம்' என்று சொன்னவர்கள்தான். சரித்திரம் அவர்களுக்குச் சிலை வைக்காமல் போகலாம். ஆனால் தர்மம் அவர்கள் தோளில்தான் நிற்கிறது.

இதைச் சொன்னவர் கொச்சி மட்டாஞ்சேரி சமூக மடத்தின் தலைவர் வெங்கிட்டு மாமா. சொல்லும்போது வாயில் நேந்திரங்காய் வறுவல் இருந்ததால், 'தர்மம்' என்ற சொல்லோடு இரண்டு துணுக்குகளும் வெளியே வந்தன. ஒன்று காரியதரிசி விஸ்வநாத்தின் மினிட் புஸ்தகத்தில் விழுந்தது. விஸ்வநாத் அதைச் சுண்டிவிட்டு, தர்மத்தை மட்டும் எழுதிக்கொண்டார். அன்றைக்கு வெங்கிட்டு மாமா தடுத்த பெரிய தவறு, சாப்பாட்டு ஹாலில் கை கழுவ இன்னொரு குழாய் போடுவது.

மாமா முப்பத்தொரு வருஷம் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். மிளகைக் கடித்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் விட்டவர்கள் வேறு ஆட்கள். இவர் கையெழுத்துப் போட்டவர். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ வந்தபோது, ஒரு நாளும் ஏறாமலே "குலுக்கும்" என்றார். போனில் படித்துச் சொல்லும் ஜாதகத்தைக் கேட்காமலே "பொய்" என்றார். மைக்ரோவேவில் சூடு பண்ணின இட்லியைப் பற்றி அவர் இருபது நிமிஷம் பேசியதை இன்றைக்கும் சிலர் மறக்கவில்லை. அவர் வீட்டில் மைக்ரோவேவ் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மாமாவின் முன்னால்தான் கங்கா ஒரு கேரியரைக் கொண்டுபோய் வைத்தாள்.

கங்கா கொச்சங்காடியில் ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, சமையல் கூடம் நடத்துகிறவள். தினமும் நூற்றெண்பது மதியச் சாப்பாடு ஆபீஸ்களுக்குப் போகும். கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று ஆர்டர்களும் வர ஆரம்பித்திருந்த சமயம். கூடத்தில் ஒரு ஸ்டீம் பாய்லர் வாங்கிப் போட்டிருந்தாள். விறகு இல்லை, புகை இல்லை. பாய்லரிலிருந்து குழாய் வழியாக ஆவி வந்து அண்டாவில் இறங்கும், முந்நூறு பேர் சாம்பார் முக்கால் மணியில் முடிந்துவிடும். சமூக மடம் வருஷா வருஷம் ஐயப்பனுக்கு நடத்தும் சாஸ்தாப்ரீதி விருந்துக்கும் இதிலேயே சமைக்கலாம் என்று சொல்லத்தான் போயிருந்தாள். சும்மா சொன்னால் நம்பமாட்டார்கள் என்று, ருசி பார்க்க மூன்று அடுக்குக் கேரியரில் சாதமும் சாம்பாரும் ஓலனும் கொண்டுபோனாள்.

வெங்கிட்டு மாமா கேரியரைத் திறக்கவில்லை. ஒரு விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஆவியில வெந்ததை ஆஸ்பத்திரியிலதானே தருவா. சாஸ்தாவுக்கு என்ன ஜுரமா?"

சபை சிரித்தது. சிரித்ததிலேயே விஷயம் முடிந்துபோனது. கேரியர் எப்படி வந்ததோ அப்படியே, சூடு ஆறாமல், கங்காவின் கையில் திரும்பிப் போனது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'ஆஸ்பத்திரி கங்கா' என்ற பெயர் சமூகத்தின் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு வாரம் ஓடியது. யாரோ அவளுடைய போட்டோவுக்கு ஸ்டெதஸ்கோப் மாட்டிவிட்டார்கள். அந்த வருஷம் மூன்று கல்யாண ஆர்டர் கையை விட்டுப் போயிற்று. மூன்று வீட்டிலும் அவள் சமையலை ஒருவரும் சாப்பிட்டதில்லை. "நாலு பேர் பறஞ்சு கேட்டோம்" என்றார்கள், அவ்வளவுதான்.

வல்லார்பாடத்தில் கண்டெய்னர் கணக்குப் பார்க்கிற அவள் புருஷன் கிருஷ்ணபிரசாத், "விட்டுத் தள்ளு கங்கா, வயசானவர்" என்றான்.

"திட்டியிருந்தா விட்டிருப்பேன். தின்னுட்டுத் துப்பியிருந்தாக்கூட விட்டிருப்பேன். திறக்கலையே அவர்!"

கங்கா பழியைக் கடுமாங்காய் ஊறுகாய் மாதிரிப் பரணி ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெயில் படாமல் வைத்தாள். ஊறட்டும் என்று இருந்தாள். முந்நூறு பேர் இலையில் உட்கார்ந்து, வெங்கிட்டு மாமாவின் முகத்துக்கு நேராக, "வாயில் வைக்க முடியவில்லை" என்று சொல்ல வேண்டும். அதை அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இது ஒன்றுதான் அவள் சாஸ்தாவிடம் கேட்டது. பிள்ளையின் எஞ்சினீயரிங் அட்மிஷனைக்கூட இரண்டாவதாகத்தான் வைத்தாள்.

இந்த வருஷம் கமிட்டியில் பெண்களுக்கு ஒரு இடம் ஒதுக்கினார்கள். வேறு யாரும் வராததால் கங்கா வந்தாள். குழாய் விவகாரம் நடந்த அன்று அவளும் அங்கே இருந்தாள். மாமா தர்மத்தையும் வறுவலையும் முழுங்கிவிட்டு முத்தாய்ப்பாக ஒரு வார்த்தை சொன்னார்.

"எல்லாரும் என்னைக் குறை சொல்லறவன்னு சொல்லறா. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்கோ. என் கையால பண்ணிப் பார்க்காத ஒண்ணையும் நான் இதுவரைக்கும் குறை சொன்னதில்லை."

ஹாலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பொய்யின் அளவு அப்படி. கங்கா எழுந்தாள்.

"மாமா எத்தனை பெரிய விஷயத்தைச் சொல்லிட்டார்! இது நம்ம மடத்துல எல்லாருக்கும் பொருந்தணும், அல்லே? தன் கையால பண்ணிப் பார்க்காதவா யாரும் எதையும் குறை சொல்லக்கூடாது. தீர்மானமாவே எழுதிடலாமே."

"அது… நான் ஒரு பேச்சுக்குப் பறஞ்சேன், கொழந்தே."

"மாமாவோட பேச்சைவிட வேற தீர்மானம் எதுக்கு?"

நான்கு பேர் கை தட்டினார்கள். கைதட்டலை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் மாமாவுக்கு இல்லை. விஸ்வநாத் எழுதினார்: 'தன் கையால் செய்து பார்க்காதவர் எவரும் எந்தப் புது ஏற்பாட்டையும் குறை சொல்லலாகாது. குறை சொல்பவர் செய்து பார்த்த தேதியைச் சொல்ல வேண்டும். சொன்னது: வெங்கிட்டு. வழிமொழிந்தது: கங்கா.' தேதியை மினிட் புஸ்தகத்தின் மேல் உள்ள பிரியத்தினால் அவரே சேர்த்துக்கொண்டார்.

அடுத்த மாதங்களில் கங்கா மெதுவாக ஆரம்பித்தாள். கரண்டில் ஓடும் தேங்காய்த் துருவி வாங்கலாம் என்றாள். மாமா "நாரு விழும்" என்று தொடங்கி, விஸ்வநாத்தின் பேனா மூடி திறப்பதைப் பார்த்து நிறுத்தினார். தீர்மானப்படி பதினேழு தேங்காய் துருவினார். காதுக்குள்ளிருந்து தேங்காய்ப்பூ எடுக்க அவர் மனைவி லோகாம்பாள் மாமிக்கு அன்று சாயங்காலம் வரை ஆயிற்று. பிறகு, மடத்து ஹாலில் காலையில் பெண்களுக்கு ஜும்பா என்றாள். "கூத்து" என்ற சொல்லின் முதல் எழுத்து மாமாவின் வாயில் வந்துவிட்டது. வேஷ்டியைத் தட்டுச் சுற்றாகக் கட்டிக்கொண்டு, நாற்பது நிமிஷம், பதினொரு பெண்களின் நடுவில், சொன்னதற்கெல்லாம் குதித்தார். முடிந்ததும் குறை சொல்ல எழுந்தார். சொல்ல மூச்சு இல்லை. 'ஆட்சேபணை இல்லை' என்று விஸ்வநாத் எழுதிக்கொண்டார். கங்கா அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை. தினமும் தூங்கப் போகும் முன் தான் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

ஆனால் அதெல்லாம் நுனிநாக்குக்குத்தான். சாஸ்தாப்ரீதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எல்லாரும் வந்திருந்த கூட்டத்தில், அவள் பாய்லரை மறுபடி எடுத்தாள்.

"ஆஸ்ப…" என்றார் மாமா.

பேனா மூடி திறந்தது.

"மாமா ஆவியில பண்ணிப் பார்த்திருக்கேளா?" என்று கங்கா கேட்டாள். குரலில் அத்தனை தேன்.

மாமா சுற்றிப் பார்த்தார். ஜும்பா பெண்கள் பதினொரு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். பின்வாங்க இடமில்லாதபோது ஆண்பிள்ளைகள் செய்வதை அவரும் செய்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"பண்ணிட்டே சொல்லறேன். இந்த வருஷம் சாம்பார் என் கை!"

கைதட்டல் வந்தது. லோகாம்பாள் மாமி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அடுப்பைப் பற்ற வைத்து அவள் பார்த்ததில்லை.

சாஸ்தாப்ரீதியன்று காலை ஆறு மணிக்கு பாய்லர் மினி லாரியில் வந்து மடத்து முற்றத்தில் இறங்கியது. கூடவே, கங்காவிடம் வேலை பார்க்கும் தோப்பும்படிக்காரி ஷீஜாவும் இறங்கினாள். மடத்துச் சமையலறைக்குள் வெளியார் வரக்கூடாது என்பது ஐதீகம். அதனால் பாய்லரும் ஷீஜாவும் வெளியே, குழாய் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஆவிக்கு ஜாதி கிடையாது என்று அதற்கு ஒரு பெரியவர் விளக்கமும் சொன்னார்.

கங்கா ஒரு தாளில் அளவெல்லாம் எழுதி மாமாவிடம் கொடுத்தாள். பருப்பு, புளி, காய், பொடி, தண்ணீர், உப்பு. தலைமைச் சமையல்காரர் வாஞ்சிநாதன் விறகடுப்புக்கு முப்பது வருஷமாகப் போட்டுவரும் அதே அளவுகள். ஒரே ஒரு வரியை மட்டும் அவள் எழுதவில்லை. விறகடுப்பில் தண்ணீர் வற்றும். ஆவியில் வற்றாது; ஆவியே தண்ணீராகி அண்டாவில் சேரும். ஆகவே தண்ணீர் பாதிதான் விடவேண்டும். கொச்சங்காடியில் பாய்லர் வந்த முதல் வாரம், ஆபீஸ்காரர்கள் சாம்பாரைத் தம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள். அந்த ஒரு வாரத்தின் ஞானத்தைத்தான் அவள் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தாளைக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்து, எல்லாவற்றையும் போட்டார். ஜன்னலுக்கு வெளியே விசில் அடித்தது. குழாய் உறுமியது. அண்டா கொதித்தது. மாமாவின் முகத்தில் ஒரு ராஜகளை வந்தது. வாட்ஸ்ஆப்பில் போட யாரோ போனை நீட்ட, "சமையல் ஒண்ணும் பெரிய வித்தையில்லை, கேட்டேளா, கவனம்தான் வேணும்" என்று ஐந்து நிமிஷம் பேசினார். பேசி முடித்துத் திரும்பியபோது, உப்புப் பாத்திரம் கையில் இருந்தது. உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்பது நினைவில் இல்லை.

வேறு எங்கேயாவது என்றால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்திருப்பார்கள். இங்கே முடியாது. சாஸ்தாவுக்கு நிவேத்யம் ஆகும் வரை சமைத்ததை யாரும் ருசி பார்க்கக்கூடாது. மூக்கை நீட்டி மணம் பிடிப்பதுகூடக் கூடாது.

"வாஞ்சி, உப்புப் போட்டேனோ?"

வாஞ்சிநாதன் மூலையில் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகத் தன் கையில் இருந்த சாம்பார் இன்னொருவர் கைக்குப் போனதில் அவருக்கும் ஒரு சின்னப் பரணி இருந்தது.

"நான் ஆவியில பண்ணினவன் இல்லையே அண்ணா. எனக்கு ஒண்ணும் பறய அதிகாரமில்லை."

"எடோ, உப்புக்கும் ஆவிக்கும் என்ன?"

"தீர்மானம் அண்ணா பறஞ்சதுதானே."

வாஞ்சிநாதன் எழுந்து அண்டாவையும் எட்டிப் பார்த்தார். உள்ளே முருங்கைக்காய்கள் கொச்சிக் காயலில் தோணி மாதிரி மிதந்தன. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

மாமா முதல் தடவை உப்புப் போட்டதைக் கங்கா தன் கண்ணால் பார்த்திருந்தாள். கதவோரம் நின்று வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இலையையே மறுபடி துடைத்தாள். மாமா பாத்திரத்தை அப்படியே அண்டாவில் கவிழ்த்தார். கங்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தண்ணீர் மட்டும்தான் அவள் ஏற்பாடு. உப்பு சாஸ்தாவின் அருள்.

பன்னிரண்டு மணிக்கு நிவேத்யம் ஆயிற்று. சாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. கங்கா முதல் வரிசையில், நடு இலையில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சாம்பார் வந்தது. சாதத்தில் விழுந்த உடனே அது இலையை விட்டு இறங்கி ஓடியது. எல்லாரும் சாதத்தால் அவசரமாக அணை கட்டினார்கள். அணையும் நனைந்து உடைந்தது. ஒருவரின் சாம்பார் பக்கத்து இலைக்காரரின் பாயசத்தைத் தேடிப் போயிற்று. இரண்டு பெரியவர்கள் வேஷ்டியை இழுத்துக்கொண்டு எழுந்து, வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். பிறகு முதல் வாய். ஹால் முழுக்க ஒரே நேரத்தில் புருவங்கள் ஏறின. கடல் மட்டாஞ்சேரியிலிருந்து கொஞ்ச தூரம்தான். அன்றைக்கு அது இலைக்கே வந்துவிட்டது.

கங்கா ஒரு வாய் வைத்தாள். இவ்வளவு மோசமான சாம்பாரை அவள் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தத்தில்.

வெங்கிட்டு மாமா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்தார். இந்த நிமிஷத்துக்குத்தான் இரண்டு வருஷம்.

"எப்படி இருக்கு? உள்ளதைப் பறயணும்."

முதல் இலை தண்ணீர் குடித்தது. "நான் ஆவியில பண்ணிப் பார்க்கலையே அண்ணா."

இரண்டாவது இலை, "சூடா இருக்கு" என்றது.

மூன்றாவது, "நல்ல நிறம்."

விஸ்வநாத் வெகுநேரம் யோசித்து, "நிறைய இருக்கு" என்றார்.

கங்கா பக்கத்தில் இருந்த லோகாம்பாள் மாமியின் முழங்கையை இடித்தாள். "மாமி, நீங்களாவது சொல்லுங்கோ. உப்பு எப்படி?"

"நீ போட்ட தீர்மானம்தானேடி? நான் எதுக்கு வாயைத் திறக்கணும். இத்தனை வருஷம் அவர் என் சமையலைக் குறை சொன்னார், இனிமே சொல்ல முடியாது. எனக்கு அது போதும். நீ அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளு."

முந்நூறு வாய்கள் இருந்தன. கங்காவே முந்நூறையும் பூட்டியிருந்தாள்.

வெங்கிட்டு மாமா ஹாலின் நடுவில் வந்து நின்றார்.

"ஒரு குறையும் இல்லை! முதல் தடவையிலேயே! ஆவியைப் பத்தி நான் நினைச்சது தப்பாக்கும், ஒத்துக்கறேன். என் கை பட்டப்பறம்தான் அது சரியாச்சு. அதனால, இனி வருஷா வருஷம் சாம்பார் நானே…"

ஹாலில் ஒரு முனகல் எழுந்தது. எல்லாத் தலைகளும் மெதுவாகக் கங்காவின் பக்கம் திரும்பின. வாஞ்சிநாதன்கூடக் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். ஆவியில் சமைக்கிறவள் ஊரில் அவள் ஒருத்திதான். வாயைத் திறக்க உரிமை உள்ளவளும் அவள் ஒருத்திதான். அவர்களுடைய அடுத்த இருபது சாஸ்தாப்ரீதிகள் அவள் நாக்கில் இருந்தன.

கங்கா எழுந்தாள். முந்நூறு பேர் சொல்லாவிட்டால் என்ன? அவளே சொல்வாள். இது இன்னும் நல்லது. கையைக்கூடக் கழுவவில்லை.

"மாமா, உங்க சாம்பாரை வாயில வைக்க முடியலை. தண்ணியில உப்பைக் கரைச்சு முருங்கைக்காயைக் குளிப்பாட்டியிருக்கேள். இதை ஆஸ்பத்திரியிலகூடத் தரமாட்டா!"

ஹால் முழுக்க பெருமூச்சு விட்டது. யாரோ பின்வரிசையில் "அஸ்ஸலாச் சொன்னா, பேஷ்!" என்றார்கள். மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. கங்கா அந்த முகத்தைப் பார்த்தாள், ஆசை தீரப் பார்த்தாள்.

விஸ்வநாத் இடது கையால் மடியிலிருந்து மினிட் புஸ்தகத்தை எடுத்தார்.

"குறை சொல்பவர்: கங்கா கிருஷ்ணபிரசாத். எழுதிட்டேன். செய்து பார்த்த தேதி?"

"தேதியா? தினமும்தான்! ரெண்டு வருஷமாக் கொச்சங்காடியில வேற என்ன பண்ணறேன்?"

"தன் கையாலன்னு இருக்கு, கங்கா. உன் கையால கடைசியா எந்தத் தேதின்னு ஒண்ணு சொல்லிட்டா முடிஞ்சது."

கங்கா விரலில் ஒட்டியிருந்த சாதத்தை உதிர்த்தாள். வெங்கிட்டு மாமாவின் வாய் மெதுவாக மூடிக்கொண்டது.

"என்னம்மா? ஒரு தேதிதானே கேட்கறார்."

முற்றத்து ஜன்னலில் ஷீஜாவின் முகம் தெரிந்தது. காலையிலிருந்து ஒரு சாயாகூடக் கிடைக்காமல் வெயிலில் நிற்கிற முகம்.

"சேச்சியா?" என்றாள் ஷீஜா. "சேச்சி அதோட பக்கத்துலயே வராதுல்ல. விசில் அடிச்சா பேடி, அத்தனை பயம். ஆபீஸ் ரூமுக்குள்ள போய்க் கதவை அடைச்சுக்கும்."

கங்கா அந்த பாய்லரில் ஒரு தடவைகூடச் சமைத்ததில்லை.